டிரெய்லர் இஎம்ஐ கட்டலாம். ஆனா உங்க டிரக் அதை இழுக்குமா? கதவு ஸ்டிக்கர் சொல்ற கணக்கு

இந்த தடவை கொஞ்சம் வித்தியாசமான சப்ஜெக்ட். நம்ம சேனல் பார்க்கிறவங்கள்ல அமெரிக்காவுல ஐடி வேலையில இருக்கிறவங்க கணிசமா இருக்கீங்க. பசங்க ஸ்கூல் லீவுக்கு கேம்பிங் போறதுக்கு டிராவல் டிரெய்லர் வாங்கலாமான்னு ஏற்கெனவே சில பேர் கேட்டிருக்கீங்க. அப்பல்லாம் நான் வட்டி, இஎம்ஐ, ரீசேல் இதை மட்டும்தான் பேசினேன். அது பாதி பதில்தான்னு எனக்கே இப்போதான் புரிஞ்சது.

டாலஸ் பக்கத்துல இருக்கிற என் பெரியம்மா பையன் ஃபோன் பண்ணான். ஒரு வருஷம் முன்னாடி லோன்ல ஒரு பிக்கப் டிரக் எடுத்திருந்தான். ஜூன்ல மனைவி, ரெண்டு குழந்தைங்களோட கொலராடோ போகணும்னு ஒரு டிரெய்லரைப் பார்த்து, 500 டாலர் அட்வான்ஸும் கொடுத்துட்டான். "அண்ணா, 36,000 டாலர் லோன், 15 வருஷம், 9 பர்சென்ட். இஎம்ஐ என் பட்ஜெட்டுக்கு சரியா வருமான்னு மட்டும் பார்த்து சொல்லுங்க."

பார்த்தேன். மாசம் 365 டாலர். அவன் சம்பளத்துக்கு அது பெரிய தொகை இல்ல. சும்மா ஒரு பேச்சுக்கு, "உன் டிரக் இதை இழுக்குமாடா?"ன்னு கேட்டேன். "என்ன அண்ணா, டிரக் 9,200 பவுண்ட் இழுக்கும். டிரெய்லர் வெறும் 6,400. சேல்ஸ்மேனே சொன்னாரு, கண்ணை மூடிட்டு எடுங்கன்னு."

கண்ணை மூடிட்டு எடுங்கன்னு யார் சொன்னாலும் எனக்கு கண் நல்லாவே திறந்துக்கும். தொழில் அப்படி. "டிரைவர் கதவைத் திறந்தா உள்பக்கம் தூண்ல மஞ்சளும் வெள்ளையுமா ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதை போட்டோ எடுத்து அனுப்பு"ன்னேன். அந்த ஒரு போட்டோவுல இருந்துதான் இந்தக் கட்டுரை.

9,200 என்பது சிடிசி, ஸ்டிக்கர்ல இருக்கிறதுதான் கைக்கு வர்ற சம்பளம்

ஆஃபர் லெட்டர்ல 18 லட்சம் சிடிசின்னு இருக்கும். முதல் மாசம் பேங்க்ல விழற தொகையைப் பார்த்தா மனசு விழும். பிஎஃப், கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ், வேரியபிள் எல்லாம் உள்ளே ஒளிஞ்சிருக்கும். யாரும் பொய் சொல்லல. ஆனா வாடகை கட்டறது சிடிசியில இல்ல, கைக்கு வர்றதுல.

டிரக்கோட டோயிங் நம்பரும் அதே மாதிரிதான். விளம்பரத்துல "அதிகபட்சம்"னு ஒரு நம்பர் வரும். 2021 ஃபோர்டு எஃப்-150க்கு 14,000 பவுண்ட்னு சொன்னாங்க. உண்மைதான், ஆனா அது குறிப்பிட்ட ஒரு இன்ஜின், குறிப்பிட்ட டோயிங் பேக்கேஜ் எல்லாம் சேர்ந்த ஒரு வண்டிக்கு. அதே பேர்ல ஷோரூம்ல நிக்கிற மத்த வண்டிகளுக்கு நம்பர் குறையும்.

சரி, உங்க வண்டிக்கே உரிய நம்பரை எடுத்துக்கிட்டாலும், அது எப்படி வருதுன்னு தெரியணும். எஸ்ஏஇ ஜே2807ன்னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு. கம்பெனிகள் அதன்படிதான் டெஸ்ட் பண்றாங்க. அரிஸோனாவுல டேவிஸ் டேம் பக்கத்துல 11.4 மைல் ஏற்றம் ஒண்ணு இருக்கு. நல்ல வெயில்ல, ஏசியை முழுசா போட்டுட்டு, டிரெய்லரோட 40 மைல் வேகத்துக்குக் கீழ போகாம ஏறணும். கடுமையான டெஸ்ட்தான், குறை சொல்ல முடியாது. ஆனா டிரக்குக்குள்ள ரெண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்ட். அதாவது 68 கிலோ. குழந்தைங்க இல்ல, கூலர் இல்ல, சைக்கிள் இல்ல. டிரெய்லர் எடையில 10 சதவீதம்தான் ஹிட்ச் மேல இறங்குதுன்னும் வெச்சுக்கிறாங்க.

பேச்சிலர் ரெண்டு பேர் லேப்டாப் பேக் மட்டும் எடுத்துட்டு கேம்பிங் போற மாதிரி ஒரு உலகம் அது.

இழுக்கிற எடை வேற, சுமக்கிற எடை வேற

இதுதான் மொத்த விஷயத்துக்கும் சாவி, அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. டிரெய்லர் முழுக்க தன் சொந்த சக்கரத்துல நிக்கிறது இல்ல. அதோட முன்பக்கம், ஆங்கிலத்துல டங்னு சொல்ற நாக்கு, டிரக்கோட பின்னாடி ஹிட்ச்ல உட்காருது. மொத்த டிரெய்லர் எடையில 10லேர்ந்து 15 சதவீதம் அங்க இறங்கணும். இதுக்குப் பேர் டங் வெயிட். கம்மியா வைக்கலாமேன்னு தோணும். முடியாது. 10க்குக் கீழ போனா ஹைவேயில டிரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும், அந்த ஆட்டம் கூடிக்கிட்டே போய் வண்டியையே கவுத்துடும்.

அப்போ அந்த டங் வெயிட் டிரக் "இழுக்கிற" எடை இல்ல, "சுமக்கிற" எடை. நீங்க, உங்க மனைவி, குழந்தைங்க, பின்னாடி தொட்டியில ஏத்தின சாமான் எல்லாம் எந்தக் கணக்குல வருதோ, அதே கணக்குல இதுவும் வருது. அந்தக் கணக்குக்குப் பேர்தான் பேலோட். கதவு ஸ்டிக்கர்ல, ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டை எப்பவும் தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்கும். அதே மாடல், அதே கலர், பக்கத்துல நிக்கிற ரெண்டு வண்டிக்கு இந்த நம்பர் வேற வேறயா இருக்கும். சன்ரூஃப், பெரிய வீல், ஃபோர் வீல் டிரைவ், லெதர் சீட்டுன்னு ஒவ்வொரு வசதியும் வண்டி எடையைக் கூட்டும், பேலோடைக் குறைக்கும். டாப் வேரியன்ட் வாங்கினவங்க பெரும்பாலும் கம்மியா சுமக்கிற வண்டியை அதிக விலைக்கு வாங்கியிருக்காங்கன்னு அர்த்தம். எனக்கு இதுல ஒரு சின்ன சந்தோஷம்னு வெச்சுக்கோங்களேன், பேஸ் வேரியன்ட் வாங்குங்கன்னு வருஷக்கணக்கா கத்திக்கிட்டு இருக்கிற ஆளு நான்.

என் தம்பியோட ஸ்டிக்கர்ல இருந்த நம்பர் 1,420 பவுண்ட். ஸ்டிக்கர்ல ஃபுல் டேங்க் பெட்ரோல் ஏற்கெனவே கழிச்சாச்சு, ஆனா டிரைவரைக் கழிக்கல. நிறைய பேர் தப்பு பண்ற இடம் இது.

இனி டிரெய்லர் பக்கம். 6,400ன்னு புரோஷர்ல போட்டிருக்கிறது டிரை வெயிட், காலி எடை. தண்ணி இல்லாம, சாமான் இல்லாம. பல கம்பெனிகள் பேட்டரி, கேஸ் சிலிண்டர்கூட சேர்க்கிறதில்ல. காலி டிரெய்லரை யாரும் கேம்பிங்குக்கு இழுத்துட்டுப் போறதில்லையே! அதனால பார்க்க வேண்டியது டிரெய்லர் மேலயே ஒட்டியிருக்கிற ஜிவிடபிள்யூஆர், அதாவது எல்லாம் ஏத்தின பிறகு அதிகபட்சம் இருக்கலாம்னு அனுமதிச்ச மொத்த எடை. இவன் பார்த்த டிரெய்லருக்கு அது 7,900.

உண்மையில எவ்வளவு வரும்னு உட்கார்ந்து லிஸ்ட் போடச் சொன்னேன். 50 கேலன் தண்ணி டேங்க். ஒரு கேலன் 8.3 பவுண்ட், அப்போ தண்ணி மட்டும் 415. ரெண்டு கேஸ் சிலிண்டர், ஒரு பேட்டரி சேர்ந்து 120 சொச்சம். மெத்தை, பாத்திரம், துணி, டூல்ஸ், மடக்கு நாற்காலி, சாப்பாட்டுச் சாமான். அவன் மனைவி போட்ட லிஸ்ட்ல டேபிள்டாப் கிரைண்டரும் ஒரு மூட்டை அரிசியும் இருந்துச்சு. கூட்டிப் பார்த்தா 1,200 பவுண்ட். ஆக டிரெய்லர் 7,600.

7,600ல 13 சதவீதம்னு எடுத்தா டங் வெயிட் 988. புரோஷர்ல ஹிட்ச் வெயிட் 690ன்னு இருக்கேன்னு கேட்டான். அதுவும் காலி டிரெய்லருக்குச் சொன்னது. சிலிண்டரும் பேட்டரியும் வைக்கிற இடமே அந்த நாக்கு மேலதான், முன்பக்க ஸ்டோரேஜும் அதுக்குப் பக்கத்துலதான்.

இப்போ வீடியோவுல ஒயிட்போர்டுல போட்ட கணக்கு:

குடும்பம் நாலு பேர்: 445
டங் வெயிட்: 988
வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச்: 90
தொட்டியில ஜெனரேட்டர், கூலர், சைக்கிள்: 210
பிறகு மாட்டின தொட்டி மூடி: 60
மொத்தம்: 1,793
ஸ்டிக்கர் அனுமதி: 1,420

373 பவுண்ட் அதிகம். டோயிங் நம்பர் பிரகாரம் இன்னும் 1,600 பவுண்ட் மிச்சம் இருக்குன்னு நினைச்சிட்டிருந்தவன் உண்மையில 169 கிலோ ஓவர்லோட்.

வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்குன்னு ஒரு வரம்பு இருக்கு, அதை ஜிசிடபிள்யூஆர்னு சொல்வாங்க. அதையும் பார்த்தோம். அனுமதி 14,800, இவனுக்கு வந்தது 13,705. பாஸ். அதனாலதான் இந்தப் பிரச்சினை கண்ணுக்குத் தெரியாது. இன்ஜின் தாராளமா இழுக்கும். ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா பறக்கும். திணறப்போறது பின் ஆக்ஸிலும் ஸ்பிரிங்கும் டயரும். ஹிட்ச் பின் சக்கரத்துக்கும் பின்னாடி தள்ளி இருக்கு பாருங்க, சீசா மாதிரி. 988 பவுண்ட் அங்க உட்கார்ந்தா பின் ஆக்ஸில்ல 988க்கும் மேல ஏறும், முன் சக்கரத்துலேர்ந்து எடை குறையும். ஸ்டீயரிங்கும் முன் பிரேக்கும் வேலை செய்யறது அந்த முன் சக்கரத்துலதான்.

வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் மாட்டினா சரியாயிடும்னு சேல்ஸ்மேன் சொன்னாராம். அது நல்ல கருவி, 7,600 பவுண்டுக்கு கட்டாயம் வேணும். முன் சக்கரத்துக்கு எடையைத் திருப்பிக் கொடுக்கும், கொஞ்சம் டிரெய்லர் ஆக்ஸிலுக்கும் தள்ளும். ஆனா ஸ்டிக்கர்ல இருக்கிற 1,420ஐ அது 1,800 ஆக்காது. கிரெடிட் கார்டு பில்லை இஎம்ஐயா மாத்தினா கடன் குறையுதா என்ன?

எந்த ரோட்டுல போறீங்கங்கிறதும் முக்கியம். சமதளத்துல, டெக்சாஸுக்குள்ளயே ஒரு ஏரிக்குப் போயிட்டு வந்தா, 373 பவுண்ட் அதிகம்னு அவனுக்குத் தெரியாமலே கூட போயிருக்கும். கொலராடோவுல ஐ-70 ஹைவேயில ஐசன்ஹோவர் டனல் 11,000 அடிக்கு மேல இருக்கு. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். ஏறுறதைக்கூட மெதுவா ஏறிடலாம். டனலைத் தாண்டி 7 சதவீதச் சரிவுல மைல் கணக்கா இறங்கணும். 13,700 பவுண்டை பிரேக்ல பிடிக்கணும், பின் சீட்டுல ரெண்டு குழந்தைங்க. அவனுக்கு இந்த இடத்துலதான் குரல் மாறுச்சு. அதுவரைக்கும் "அண்ணா, எல்லாரும் இப்படித்தான் இழுக்கிறாங்க"ன்னு சொல்லிட்டிருந்தான்.

அப்போ இந்த டிரக்குக்கு எந்த டிரெய்லர்?

கணக்கைத் தலைகீழா போடுங்க. டிரெய்லரைப் பார்த்துட்டு டிரக்குக்கு வரக் கூடாது. 1,420லேர்ந்து குடும்பம், ஹிட்ச், தொட்டிச் சாமான், மூடி எல்லாம் கழிச்சா மிச்சம் 615. இதுதான் டங் வெயிட்டுக்கு கிடைக்கிற இடம். 615ஐ 0.13 ஆல் வகுத்தா 4,730. அவ்வளவுதான். 9,200 பவுண்ட் இழுக்கும்னு வாங்கின டிரக், இந்தக் குடும்பத்தோட போகும்போது 4,700 பவுண்ட் டிரக். சிடிசிக்கும் கைக்கு வர்றதுக்கும் பாதிக்குப் பாதி!

கொஞ்சம் சரிக்கட்ட முடியும். தொட்டியில இருக்கிற 210 பவுண்டை டிரெய்லருக்குள்ள, அதோட சக்கரத்துக்கு மேல வர்ற மாதிரி மாத்தினா டங் வெயிட்டுக்கு 825 கிடைக்கும், டிரெய்லர் 6,300 வரைக்கும் போகலாம். ஆனா அந்த 210ம் டிரெய்லர் எடையில சேரும். 7,600க்கு எப்படியும் எட்டாது. தண்ணியை கேம்ப் கிரவுண்டுக்குப் போய் நிரப்பினா 415 மிச்சம். அப்பவும் எட்டல.

டயர், ரிசீவர் ஹிட்ச் ரெண்டுக்கும் தனித்தனி வரம்பு உண்டு, ஹிட்ச்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பார்த்துடுங்க. டிரெய்லருக்கு சொந்த பிரேக்கும், டிரக்ல அதுக்கான கன்ட்ரோலரும் வேணும். சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவுல 10,000 பவுண்டுக்கு மேல ஜிவிடபிள்யூஆர் இருக்கிற டிராவல் டிரெய்லருக்கு சாதாரண லைசென்ஸ் போதாது.

"அப்போ பெரிய டிரக்கா மாத்திடவா?"

அடுத்த கேள்வி இதுவாத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியும். முக்கால் டன்னு சொல்ற 2500, எஃப்-250 வகை டிரக்குகள்ல பேலோட் தாராளமா இருக்கும். (டீசல் இன்ஜின் எடுத்தா இன்ஜினே கனம், பேலோட்ல அது கழியும். அதுலயும் ஸ்டிக்கரைப் பார்க்காம கையெழுத்துப் போடாதீங்க.)

ஆனா இப்போ இருக்கிற டிரக் மேல அவனுக்கு 46,000 டாலர் லோன் பாக்கி. மாத்திக் கொடுத்தா கிடைக்கிற விலை 39,000. மிச்சம் 7,000 டாலர் புது லோன்ல ஏறும். இல்லாத வண்டிக்கு வட்டி கட்டற நிலைமை. இதெல்லாம் வருஷத்துக்கு 20 ராத்திரி தூங்குற ஒரு டிரெய்லருக்காக.

அந்த 20 ராத்திரியோட விலையையும் பார்த்துடலாம். டிரெய்லர் இஎம்ஐ வருஷத்துக்கு 4,382. அவங்க வீட்டு வாசல்ல நிறுத்த அசோசியேஷன் விடாது, அதனால பார்க்கிங் யார்டு மாசம் 90, வருஷத்துக்கு 1,080. இன்ஷூரன்ஸ் 600. மொத்தம் 6,062. ஒரு ராத்திரிக்கு 303 டாலர், கேம்ப் கிரவுண்ட் வாடகை தனி. அவன் ஊர்ல சின்ன டிரெய்லர் வாடகைக்கு ராத்திரி 140க்கு கிடைக்குது.

டாக்ஸ் விஷயமும் கேட்டான். படுக்கை, சமையல், டாய்லெட் மூணும் இருந்தா டிரெய்லரை ரெண்டாவது வீடா காட்டி, அதை அடமானமா வெச்சு வாங்கின லோனோட வட்டியைக் கழிக்கலாம், உண்மைதான். ஆனா ஐட்டமைஸ் பண்றவங்களுக்குத்தான் அது. 2024க்கு தம்பதிக்கு ஸ்டாண்டர்டு டிடக்ஷனே 29,200 டாலர். வாடகை வீட்டுல இருக்கிற இவனுக்கு அதைத் தாண்டி ஐட்டமைஸ் பண்ண ஒண்ணுமே இல்ல.

எனக்கு எடையை விட பெரிய கவலை வேற ஒண்ணு இருந்துச்சு. இவன் எச்-1பியில இருக்கான். லோன் 15 வருஷம். அஞ்சு வருஷம் ஒழுங்கா கட்டின பிறகும், கிட்டத்தட்ட 21,900 டாலர் கொடுத்த பிறகும், அசல்ல 28,800 பாக்கி நிக்கும். அஞ்சு வருஷம் வெயில்ல நின்ன டிரெய்லரை அந்த விலைக்கு யார் வாங்குவாங்க? வேலை போனா 60 நாள் அவகாசம். அந்த 60 நாள்ல புது வேலை தேடணும், ஸ்கூல் பார்க்கணும், இதுல டிரெய்லரை நஷ்டத்துக்கு விக்கவும் ஆள் பிடிக்கணும். கிரீன் கார்டு வந்தவங்களுக்கு இந்தப் பத்தி பொருந்தாது, எடைக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தும்.

ரெண்டு நாள் பேசவே இல்ல. மூணாவது நாள் மெசேஜ்: "கேன்சல் பண்ணிட்டேன். 500 திரும்பி வராதாம்." நான் ஒண்ணும் சொல்லல. 500 டாலர் அவனுக்கும் வலிக்கும், எனக்கும்தான்.

ஜூன்ல ஒரு சின்ன டிரெய்லரை வாடகைக்கு எடுத்தாங்க. கிளம்பின அன்னிக்கு ஹைவேயில டிரக் ஸ்டாப்ல கேட் ஸ்கேல்னு எடை மேடை இருக்கும், பெரிய லாரிங்க எடை போடற இடம். 20 டாலருக்குள்ளதான் ஆகும், நம்மளும் போடலாம். முதல்ல குடும்பத்தோட, ஃபுல் டேங்கோட டிரக் மட்டும் போடணும். அப்புறம் டிரெய்லரை மாட்டிட்டுப் போடணும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்துல டங் வெயிட் தெரிஞ்சிடும். புரோஷரையோ என் ஒயிட்போர்டையோ நம்ப வேண்டாம்.

டிரக் தனியா 6,110. டிரெய்லரோட முன் ஆக்ஸில் 3,150, பின் ஆக்ஸில் 3,520, டிரெய்லர் ஆக்ஸில் 3,810. அப்போ டிரக் மேல இறங்கினது 560, டிரெய்லர் மொத்தம் 4,370, கிட்டத்தட்ட 13 சதவீதம். டிரக்கோட ஜிவிடபிள்யூஆர் 6,720, வந்தது 6,670. மிச்சம் 50 பவுண்ட்.

ஸ்லிப்பை போட்டோ எடுத்து அனுப்பி, கீழ எழுதியிருந்தான்: "அண்ணா, கிரைண்டரை வீட்டுலயே வெச்சுட்டோம். மாவு அரைச்சு கூலர்ல எடுத்துட்டுப் போறோம்."